உறை மோரும் ஓட்டுரிமையும்

பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி மோரை உறை ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்தால் தயிர். சென்னையை அடுத்த பொழிச்சலூரில் எந்த வீட்டு அடுப்படியிலும் நடக்கிற வேலைதான். பண்டைய ஏதென்ஸில் குடியுரிமை எப்படி இயங்கியது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பால், அப்பா. அவர் ஏதென்ஸ்காரராக இருந்தால் போதும் என்றுதான் முதலில் இருந்தது. கி.மு. 451-ல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் அம்மாவும் ஏதென்ஸ்காரியாக இருக்க வேண்டும் என்றது. அதாவது உறையும் அதே வீட்டு மோராக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் பெரிக்ளீஸின் வீட்டுக்கே வந்து நின்றது. மிலேட்டஸ் ஊர்ப் பெண்ணான அஸ்பாசியாவிடம் அவருக்குப் பிறந்த மகன் குடிமகன் ஆக முடியவில்லை. மற்ற இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்த பிறகு, ஏதென்ஸ் மக்கள் விதிவிலக்குத் தந்து அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பையனுக்கு 18 வயதானால் வட்டாரத்தார் விசாரித்துப் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள். பெரிய பதவிக்கு வருகிறவனிடம் தாய் யார், தாயைப் பெற்றவர் யார், எந்த வட்டாரம் என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் அந்தத் தாயின் பெயர் அந்தப் பதிவேட்டில் கிடையாது. மக்கள் சபையில் அவள் கை தூக்க முடியாது; வழக்கு என்றால் அவளுக்காக ஓர் ஆண் பேச வேண்டும். ஏறக்குறைய 50 லிட்டர் பார்லியின் மதிப்புக்கு மேல் அவளாக ஓர் ஒப்பந்தம் செய்யச் சட்டம் விடவில்லை. அதீனா கோயிலின் தலைமைப் பூசாரியாகப் பெண் இருந்தாள், அந்த மரியாதை உண்மையானது. மற்றபடி ஊற்றிய உறை பாலோடு கரைந்துபோகும். அதற்கென்று தனிக் கிண்ணம் வைக்கவில்லை.

நம் கதையும் நெடுநாள் அப்படித்தான். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலில் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுத் தந்தது, ஆனால் சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். 1935 சட்டத்தில் பல பெண்களுக்குக் கணவரின் தகுதியை வைத்தே ஓட்டு வந்தது. 1950-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகுதான் பெண்ணின் பெயர் அவளுக்காகவே நின்றது. அப்போதும் ஒரு குறை மிச்சம்: வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியில் மட்டுமே வந்தது. தாய் வழியும் செல்லும் என்று ஆனது 1992 டிசம்பரில்.

இன்று ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசினால் அது மறுபடியும் ஏதென்ஸ்தான். சபையிலேயே எழுந்து அதை மறுக்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: இவை கிராம சபை நாட்கள். அம்மா, அக்கா, மருமகள் எல்லோரும் போங்கள். வரவு செலவைக் கேளுங்கள், மழைநீர் வடிகாலைப் பற்றிக் கேளுங்கள், சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.