சிறுநீர் சிவந்தால் ரத்தமா? கீமோவின் 'சிவப்பு மருந்து' டிஎன்ஏ-வில் என்ன செய்கிறது?

இலுப்பூர் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், சிகிச்சைக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே பலருக்கு, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். பெயர் டாக்ஸோரூபிசின். வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போகும். 'ரத்தம் போகுது, இனிமே இந்த மருந்தே வேணாம்' என்று பயந்துபோகிறவர்கள் உண்டு.

பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, எரிச்சல், வலி இருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கூடவே தரப்படும் வேறு சில மருந்துகள் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம்.

சரி, இந்த மருந்து உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

படிகளுக்கு நடுவே ஒரு செருகல்

டிஎன்ஏ-வை முறுக்கிய நூலேணியாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையே உள்ள தூரம் வெறும் 0.34 நானோமீட்டர். டாக்ஸோரூபிசின் மூலக்கூறின் ஒரு பகுதி அட்டை போலத் தட்டையானது. அது இரண்டு படிகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது. நுழைந்த இடத்தில் இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அதோடு ஒட்டியுள்ள சர்க்கரைப் பகுதி, ஏணியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் படிந்து பிடித்துக்கொள்கிறது. தட்டையான மூலக்கூறுகள் இப்படிச் செருகிக்கொள்ளும் என்று 1961-இல் முதலில் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி லியோனார்ட் லெர்மன்.

செல் இரண்டாகப் பிரியும் முன் டிஎன்ஏ-வை நகலெடுக்க வேண்டும். அப்போது விழும் சிக்கலை எடுக்க, டோபோஐசோமரேஸ் என்ற நொதி ஏணியை வெட்டி, மறுபடி ஒட்டும். டாக்ஸோரூபிசின் அங்கே உட்கார்ந்திருந்தால், வெட்டிய நொதியால் ஒட்ட முடியாது. டிஎன்ஏ துண்டாகிக் கிடக்க, செல் செத்துப்போகிறது.

எல்லா மருந்தும் இப்படித்தானா?

இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து செருகிக்கொள்வதில்லை. அதிலுள்ள பிளாட்டினம், பக்கத்துப் பக்கத்துப் படிகளில் இருக்கும் இரண்டு குவானின்களை வேதிப்பிணைப்பால் கட்டி, ஏணியையே வளைத்துவிடுகிறது. 1965-இல் பாக்டீரியாவை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இதன் ஆற்றல் தற்செயலாகத் தெரியவந்தது. 1978-இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது.

மூன்றாவது வகை மருந்துகள் டிஎன்ஏ-வின் சிறு பள்ளத்தில் மட்டும் படுத்துக்கொள்ளும். ஆடு, மாடுகளின் ஒட்டுண்ணி நோய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் போடும் டிமினசீன் ஊசி இந்த வகைதான்.

அப்படியென்றால் முடி ஏன் கொட்டுகிறது?

இது புற்றுநோய் செல், இது நல்ல செல் என்று பிரித்துப் பார்க்க டாக்ஸோரூபிசினுக்குத் தெரியாது. இரண்டிலும் இருப்பது ஒரே மாதிரி ஏணி. வேகமாகப் பிரியும் செல்கள்தான் அதிகம் அடிபடும். புற்றுநோய் செல்கள் அப்படிப்பட்டவை. முடி வேர்களும், ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும், வாய், குடலின் உட்பூச்சும் கூட அப்படித்தான். முடி கொட்டுவதும், வாய்ப்புண் வருவதும், வெள்ளை அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

பெரும்பாலும் 21 நாள் இடைவெளி விடுவதற்கும் இதுவே காரணம். மருந்து ஏற்றி 10 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். 21-ஆம் நாளுக்குள் மஜ்ஜை தேறிவிடும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால், தப்பிய புற்றுநோய் செல்களும் தேறிவிடும். 'இப்போ நல்லாத்தானே இருக்கேன், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று நாமாகவே முடிவெடுப்பது ஆபத்தாவது இங்கேதான்.

புதுக்கோட்டைக்கு இதில் என்ன தொடர்பு?

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால் 1954-இல் செயல்படத் தொடங்கியதுதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1980-களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கென உருவான 'எம்சிபி 841' சிகிச்சை முறையை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைகளுடன் அடையாறும் கையாண்டது. டாக்ஸோரூபிசினின் நெருங்கிய உறவான டானோரூபிசின் அந்த முறையில் இடம்பெற்ற மருந்துகளில் ஒன்று.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

* காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.
* டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கலாம். அதனால் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே ஓர் அளவு உண்டு. எக்கோ பரிசோதனையைத் தவற விடாதீர்கள். மருத்துவமனை மாறினால் பழைய சிகிச்சைச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது புது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.
* தேதி தள்ளிப்போனால், அதை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தள்ளியதாக இருக்கட்டும். பஸ் செலவோ, சிவந்த சிறுநீரோ அந்தத் தேதியை முடிவுசெய்யக் கூடாது.