வெறுங்கையும் நற்செயலும்

"நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்? எனக்கு ஏன் இந்தத் துன்பம்?" என்று நோய்ப் படுக்கையில் கண்ணீர் வடிப்போரைக் கண்டிருக்கிறோம். "ஆண்டவர் முன் காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? வாழ்நாளையெல்லாம் பாழாக்கிவிட்டேனே!" என்று சாகும் தறுவாயில் நடுங்குவோரையும் கண்டிருக்கிறோம். முன்னவர் நல்லவராய் வாழ்ந்தவர். பின்னவர் தம் குற்றங்களை நன்கறிந்தவர். ஆயினும், இருவர் கையிலும் இருப்பது ஒரே கணக்கேடுதான். இவ்வளவு வரவு வைத்திருந்தும் கடவுள் உரியதைத் தரவில்லையே என்பது ஒருவரின் முறையீடு. வரவே இல்லையே என்பது மற்றவரின் அச்சம்.

அன்பார்ந்த வாசகர்களே, மனிதன் செய்யும் நன்மைக்கு இறைவன் திருமுன் மதிப்பு உண்டா? உண்டெனில், நம் முயற்சியாலேயே விண்ணகத்தைச் சம்பாதித்துக் கொள்ளலாமே; கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்டது எதற்கு? இல்லையெனில், இவ்வளவு பாடுபட்டு நல்லவர்களாய் வாழ்வானேன்? இவ்வினாவிற்கு விடை தேட, இருவருடைய வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அவர்களுள் ஒருவர் புனிதை, மற்றவர் கொலையாளி.

சிறுமியும் கைதியும்

1887-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரீஸ் நகரில் ஒரு பெண்ணும், அவருடைய பணிப்பெண்ணும், ஒரு சிறுமியும் கொடூரமாகக் கொலையுண்டனர். ஆன்றி பிரான்சினி என்பவருக்கு இக்குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் சாதித்து வந்தார். மனம் வருந்திய அடையாளம் எதுவும் அவரிடம் காணப்படவில்லை.

பிரான்சு நாட்டின் லிசியு நகரில் அப்போது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளே பின்னாளில் உலகமெங்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் என்றும், சிறுமலர் என்றும் போற்றப்பட்டவர். அந்தக் கைதியின் ஆன்மா அழிந்துவிடக் கூடாது என்று அவள் உள்ளம் துடித்தது. ஆனால் அவருக்காக எதை ஒப்புக்கொடுப்பது? தன் சொந்த வலிமையால் யாதும் ஆகாதென்று உணர்ந்த அவள், நம் ஆண்டவருடைய அளவற்ற பேறுபலன்களையும் திருச்சபையின் ஞானக் கருவூலத்தையும் இறைத்தந்தைக்கு ஒப்புக்கொடுத்தாள். தன் அக்காள் செலினின் உதவியால் அவருக்காகத் திருப்பலி நிறைவேற்றவும் ஏற்பாடு செய்தாள். கடவுள் அவரை மன்னிப்பார் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. தன் ஆறுதலுக்காக ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் வேண்டினாள்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுநாள் செய்தித்தாளைத் திறந்தபோது அவள் கண்கள் குளமாயின. பாவசங்கீர்த்தனம் செய்யாமலே கொலைமேடை ஏறிய பிரான்சினி, கடைசி நொடியில் திரும்பி, குருவானவர் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தைப் பற்றி மும்முறை முத்தமிட்டார் என்று அவள் அறிந்தாள். அவரைத் தன் முதல் குழந்தை என்றே தெரேசம்மாள் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

இது நியாயமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கொலையுண்டவர்களின் குருதிக்கு என்ன விடை? நியாயமான கேள்வியே. இறைவனின் இரக்கம் குற்றத்தைக் குற்றமன்று என்று சொல்வதில்லை. மன்னிப்புப் பெற்றவனும் தூய்மை பெற்றே ஆகவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. எனினும், கல்வாரியில் ஆண்டவருக்கு அருகே தொங்கிய கள்வனும் காட்டுவதற்கு நற்செயல் ஏதுமின்றியே வான்வீட்டை வேண்டினான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தெரேசம்மாளின் கைகள்

பிரான்சினியின் கை வெறுங்கை என்பதில் வியப்பில்லை. தெரேசம்மாளின் கை எப்படிப்பட்டது? 1888-ஆம் ஆண்டு தம் பதினைந்தாம் வயதில் அவர் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே நோயுற்ற முதிய கன்னியர் ஒருவர் இருந்தார். மாலைதோறும் செபக் கூடத்திலிருந்து உணவறைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லவேண்டும். அவரை நிறைவு செய்வது எளிதன்று. விரைந்து நடந்தாலும் குறை, மெல்ல நடந்தாலும் குறை. இளந்துறவி தெரேசம்மாள் இப்பணியை விரும்பிக் கேட்டுப் பெற்றார். உணவறையில் அம்முதியவர் அப்பத்தைத் துண்டாக்க இயலாமல் தடுமாறுவதைக் கண்டு, எவரும் சொல்லாமலே அதையும் செய்து, ஒரு புன்னகை புரிந்துவிட்டே அகன்றார். சிறு செயலே, ஆயினும் நாள்தோறும் செய்த செயல்.

இத்தகையவர், தம் கை நிறைய நற்செயல்களை ஏந்திக்கொண்டு இறைவனிடம் செல்வேன் என்றுதானே சொல்லியிருக்கவேண்டும்? 1895 ஜூன் 9-ஆம் நாள், மூவொரு கடவுளின் திருநாளன்று, இறைவனின் இரக்கமுள்ள அன்புக்கு அவர் தம்மைக் கையளித்தார். அப்போது அவர் எழுதிய செபத்தில், வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு இறைவன் முன் நிற்கப்போவதாகவும், தம் செயல்களைக் கணக்கிடவேண்டாம் எனவும் மன்றாடினார். இறைவனின் தூய்மைக்கு முன் நம் நேர்மையிலும் கறை உண்டு என்பது அவர் கண்ட உண்மை. அதற்காக, மறுநாள் அவர் தம் பணிகளைக் கைவிட்டுவிடவில்லை. முன்போலவே உழைத்தார், ஆனால் கணக்கெழுதவில்லை.

திருச்சபையின் போதனை

தெரேசம்மாளின் இம்மனநிலை ஏதோ ஒரு துறவியின் பணிவுரை மட்டுமன்று. திருச்சபை தொன்றுதொட்டுப் போதிக்கும் உண்மையும் அதுவே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் துறவி, மனிதன் தன் உறுதியாலேயே நன்மை செய்து மீட்படையக் கூடும் என்னும் பொருள்படக் கற்பித்தார். புனித அகுஸ்தினார் இதனை வன்மையாக மறுத்தார். 418-ஆம் ஆண்டு கர்த்தாகோ நகரில் கூடிய ஆயர்கள், இறையருளின்றி நன்மையில் நிலைத்திருத்தல் இயலாதென்று அறுதியிட்டுரைத்தனர்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய பெரும் பூசலின் நடுவிலும் இவ்வினாவே இருந்தது. அதற்கு விடையாக, திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13-ஆம் நாள் வெளியிட்ட ஆணையில் இருபுறமும் தவறாமல் வழி வகுத்தது. கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயல்களால் எவனும் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆக முடியாது என்பது ஒன்று. அருளைப் பெற்றவன் அவ்வருளோடு ஒத்துழைத்துச் செய்யும் நன்மை மெய்யாகவே பேறுபலன் உடையது என்பது மற்றொன்று. இறைவனுடைய நன்மைத்தனம் எத்துணைப் பெரிதென்றால், தாம் ஈந்த கொடைகளையே நம்முடைய பேறுபலன்களாகக் கொள்ள அவர் திருவுளமாகிறார் என்றும் சங்கம் விளக்கிற்று.

இது எங்ஙனம் பொருந்தும்? தந்தை ஒருவர் தம் சிறு மகளை மடியில் இருத்தி, அவள் விரலைப் பற்றி மணலில் 'அ' என்று எழுதச் செய்கிறார். அது யார் எழுதிய எழுத்து? தந்தையின் கை விலகினால் எழுத்து இல்லை. குழந்தை தன் விரலை இழுத்துக்கொண்டாலும் எழுத்து இல்லை. ஆயினும் தந்தை வீட்டாரையெல்லாம் அழைத்து, "பாருங்கள், என் மகள் எழுதிவிட்டாள்!" என்று மகிழ்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எழுதியது அவள் விரல்தான். அந்த மகளும், "இதற்கு என்ன கூலி தருவீர்?" என்று கேட்பதில்லை, தந்தையின் முகத்தையே பார்க்கிறாள்.

கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்பொருளில் பிரிந்து நின்றனர். 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பினரும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். நம் தகுதியினால் அன்று, அருளினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறு ஏற்றுக்கொள்ளும் கடவுளே தூய ஆவியால் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று இருவரும் ஒருவாய்ப்பட அறிக்கையிட்டனர். மெதடிஸ்து சபைகளின் உலகப் பேரவையும் 2006-இல் இதனோடு இணைந்தது.

ஆண்டவரின் அளவுகோல்

நற்செய்தியிலும் இவ்விரு உண்மைகளும் இணைந்தே வருகின்றன. சிறியவர் ஒருவருக்குக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரும் கைம்மாறு பெறாமல் போகாது என்று கற்பித்த அதே ஆண்டவர், கட்டளையிட்டவற்றையெல்லாம் செய்து முடித்த பின்பும் தம்மைப் பயனற்ற ஊழியராகவே எண்ணவேண்டும் எனவும் கற்பித்தார். ஆலயத்தில் தன் நோன்பையும் காணிக்கையையும் எண்ணிக் காட்டிய பரிசேயனின் செயல்கள் தம்மளவில் தீயவை அல்ல. அவற்றை அயலானை அளக்கும் கோலாக்கியதே அவன் செய்த பிழை. இறுதித் தீர்வை உவமையிலோ, பசித்தவருக்கு உணவளித்த நல்லோர், "ஆண்டவருக்கு எப்போது இதைச் செய்தோம்?" என்று திகைத்து நிற்கின்றனர். அவர்கள் எழுதி வைக்காத கணக்கை ஆண்டவர் நினைவில் வைத்திருக்கிறார்.

கிறிஸ்துவை அறியாத நம் அயலாரின் நன்மை என்னாவது என்னும் ஐயமும் எழலாம். அருள்வாழ்வு அடையுமுன் மனிதன் செய்யும் செயலெல்லாம் பாவமே என்னும் கொள்கையைத் திரெந்து சங்கமே தள்ளிவிட்டது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழியே அருளால் தூண்டப்பட்டு அவர் திருவுளத்தை நிறைவேற்ற முயல்வோரும் மீட்படையக் கூடும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அங்கேயும் விரலைப் பற்றியிருப்பது அதே தந்தையின் கையே.

இறுதியாக ஒன்று

தொடக்கத்தில் கண்ட இருவரிடமும் மீண்டும் செல்வோம். இவ்வளவு நன்மை செய்தும் துன்பம் வந்ததே என்று வருந்தும் அன்பரே, உம் நன்மை ஒன்றும் வீணாகவில்லை. ஆனால், துன்பத்தைத் தடுக்க நாம் கட்டிய காப்பீட்டுத் தொகையும் அன்று அது. மாசற்றவரான கிறிஸ்துவே சிலுவை சுமந்தார். சிறுமலர் தெரேசம்மாளும் எலும்புருக்கி நோயால் வாடி, விசுவாச இருளிலும் பதினெட்டு மாதங்கள் தவித்து, 1897 செப்டம்பர் 30-ஆம் நாள், இருபத்து நான்காம் வயதில் மறைந்தார். அவ்விருளில் அவர் கடவுளிடம் வழக்காடவில்லை. பாவிகளின் பந்தியில் அவர்களுக்காக உடனமர்ந்திருப்பதாகவே எண்ணினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார்.

காட்டுவதற்கு ஒன்றுமில்லையே என்று கலங்கும் அன்பரே, நீர் அஞ்சவேண்டாம். நீட்டப்பட்ட சிலுவையைப் பற்றிக்கொள்ள வெறுங்கை போதும். புனிதையும் கொலையாளியும் அவ்வகையில் ஒரே வாயிலில்தான் நின்றனர்.

ஆதலால், இன்றிரவு குடும்ப செபத்திற்கு முழந்தாளிடும்போது, அன்று செய்த நன்மைகளை எண்ணி மகிழ்வதற்கு முன், அவற்றைச் செய்யத் தூண்டிய அருளுக்கு நன்றி கூறுவோம். பின்பு எழுந்து, நம் வீட்டு முதியவருக்கு உணவு பரிமாறுவோம். அவர் குறை கூறினாலும் ஒரு புன்னகை புரிந்துவிட்டே அகல்வோம். கணக்கை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம்.