தின்னர் டப்பாவுக்குள் ஓர் ஊர்

பலாப்பழம் வெட்டுவதற்கு முன்னால் பாட்டி என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? கையிலும் கத்தியிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வார். தடவ மறந்தால் போச்சு! பலாப்பால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் நின்று எவ்வளவு நேரம் தேய்த்தாலும் போகாது. ஆனால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தண்ணீரால் முடியாததை எண்ணெய் எப்படிச் செய்கிறது? தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பக்கம் லேசான நேர் மின்சுமையும் மறுபக்கம் லேசான எதிர் மின்சுமையும் இருக்கின்றன. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். உப்பு, சர்க்கரை போன்றவற்றையும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். பிசின், தார், கிரீஸ் எல்லாம் வேறு ரகம். அவற்றிடம் அந்த மின்சுமை விளையாட்டு இல்லை. எனவே தண்ணீர் அவற்றைச் சீண்டுவதே இல்லை. அவற்றைக் கரைக்க அவற்றைப் போன்ற ஒரு திரவம்தான் வேண்டும். இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, அதேதான்!

ஒரு பொருளைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் திரவத்துக்குக் 'கரைப்பான்' என்று பெயர். சர்க்கரைக்குத் தண்ணீர் கரைப்பான். பெயின்ட், ரப்பர் பசை, அச்சு மை, வார்னிஷ் ஆகியவற்றுக்குத் தொழிற்சாலைகளில் மிக அதிகமாகப் பயன்படும் கரைப்பான்களில் ஒன்றுதான் நம்முடைய இன்றைய கதாநாயகன், டொலுயீன்.

இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் முகர்ந்திருப்பீர்கள். கார்களுக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்கும் கடையைத் தாண்டும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு வாசனை வருகிறதா? பெயின்ட்டை இளக்குவதற்காக அங்கே 'தின்னர்' ஊற்றுவார்கள். தின்னர் என்பது பல கரைப்பான்களின் கலவை. அதில் பெரும்பாலும் டொலுயீனுக்கு ஓர் இடம் உண்டு.

கெட்டியான பெயின்ட்டைத் துப்பாக்கியில் ஊற்றித் தூவ முடியாது. டொலுயீன் அதைத் தண்ணீராக்கிக் கொடுக்கும். கார்க் கதவில் பெயின்ட் சமமாகப் பரவியதும் டொலுயீன் காற்றோடு பறந்துவிடும். கதவில் மிஞ்சுவது நிறமும் பிசினும் மட்டுமே. வந்து உதவி செய்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவதுதான் கரைப்பானின் உத்தியோகம்! டொலுயீனின் கொதிநிலை 110.6 டிகிரி செல்சியஸ். பிறகு சாதாரண வெயிலில் எப்படிப் பறக்கிறது என்கிறீர்களா? கொடியில் காயும் துணியிலிருந்து தண்ணீர் கொதிக்காமலேயே ஆவியாகிறதல்லவா, அப்படித்தான். தண்ணீரைவிட இது இன்னும் வேகமாகப் பறக்கும்.

சரி, 'டொலுயீன்' என்றால் என்ன அர்த்தம்? அது ஓர் ஊரின் பெயர்!

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்றொரு நாடு இருக்கிறது. அதன் கரீபியன் கடற்கரையில் உள்ள சிறிய ஊர் சாண்டியாகோ டி டொலு. அந்தப் பக்கத்துக் காடுகளில் உயரமாக வளரும் ஒரு மரம் உண்டு. நம் புளியமரத்துக்கும் அதற்கும் ஒரே குடும்பம்தான். அதன் பட்டையில் 'வி' வடிவில் கீறிவிட்டு, கீழே ஒரு சுரைக்குடுவையைக் கட்டி வைத்தால், பழுப்பு நிறத்தில் பிசின் வடியும். வாசனை கிட்டத்தட்ட வனிலா ஐஸ்கிரீம் மாதிரி! அந்த மண்ணின் மக்கள் அதைக் காயங்களுக்குப் பூசினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்திறங்கிய ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். டொலு பகுதியிலிருந்து வந்ததால் 'டொலு பிசின்' என்றே பெயராகிவிட்டது. பிற்காலத்தில் இருமல் மருந்துகளில் அதைச் சேர்த்தார்கள்.

(இந்த மரம் நமக்குப் பக்கத்திலேயும் இருக்கிறது தெரியுமா? ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இறக்கை வைத்த அதன் விதைகள் காற்றில் பறந்து பறந்து, கண்டி நகரின் உடவத்தகலே காட்டில் அது மண்டிக் கிடக்கிறது. மற்ற செடிகளுக்கு இடமே விடுவதில்லை.)

1841-ல் ஹென்றி செயின்ட் கிளேர் டெவில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்தப் பிசினைச் சூடாக்கி வடித்தார். நிறமில்லாத ஒரு திரவம் கிடைத்தது. உண்மையில் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1837-ல், பெல்லத்தியே, வால்டர் என்ற இருவர் பைன் மரப் பிசினிலிருந்து இதே திரவத்தை எடுத்திருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் நிலைக்கவில்லை. 1843-ல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், டொலு பிசினில் கிடைத்ததால் 'டொலுயின்' என்று அழைக்கலாமே என்றார். அதுவே கொஞ்சம் உருமாறி 'டொலுயீன்' ஆனது. இன்று தொழிற்சாலைகளுக்கு வரும் டொலுயீன் மரத்திலிருந்து வருவதில்லை. முன்பு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறார்கள். மரம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதன் அண்ணன் பென்சீன் கதையும் இப்படித்தான். அரேபிய வணிகர்கள் ஒரு வகைச் சாம்பிராணியை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுச் சாம்பிராணி, என்றார்கள். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்து தேய்ந்து 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அந்த அமிலத்திலிருந்து 1833-ல் ஜெர்மானியர் மிட்ஷெர்லிக் பிரித்த திரவத்துக்குத்தான் இன்று பென்சீன் என்று பெயர். வீட்டில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகைக்கும் வேதியியல் புத்தகத்துக்கும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் பாருங்கள்!

டொலுயீன் கரைப்பானாக மட்டும் இருந்துவிடவில்லை. சோபாவுக்குள் இருக்கும் ஃபோம் செய்யவும் உதவுகிறது, சாஸ் பாட்டிலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் சோடியம் பென்சோயேட் செய்யவும் உதவுகிறது. 1879-ல் கண்டுபிடிக்கப்பட்ட, சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிக்கும் சாக்கரினும் இதன் வாரிசுதான். 1863-ல் வில்பிராண்ட் என்ற ஜெர்மானியர் இதிலிருந்து மஞ்சள் சாயம் ஒன்றைத் தயாரித்தார். அது வெடிக்கும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதுதான் டி.என்.டி. வெடிமருந்து! முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ஆலைகளில் அதைக் குண்டுகளில் நிரப்பிய பெண்களுக்குத் தோல் மஞ்சளாகிவிட்டது. 'கேனரிப் பெண்கள்' என்று ஒரு மஞ்சள் குருவியின் பெயரை அவர்களுக்கு வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த மஞ்சள் நிறம் ஒரு நச்சின் அடையாளம். அவர்களில் சிலர் கல்லீரல் கெட்டு இறந்தும் போனார்கள்.

இனி நம் மூக்குக்கு வருவோம். காற்றில் பறக்கும் டொலுயீனை நாம் சுவாசித்தால் என்ன ஆகும்?

ஒரு காலத்தில் செருப்புப் பசைக்கும் ரப்பர் வேலைக்கும் பென்சீனைத்தான் கரைப்பானாகப் பயன்படுத்தினார்கள். அதைச் சுவாசித்த தொழிலாளர்கள் பலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதனால் பல இடங்களில் பென்சீனை விலக்கிவிட்டு டொலுயீனுக்கு மாறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. பென்சீன் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையம். டொலுயீனில் அதே வளையத்தில் ஏழாவதாக ஒரு கார்பன், சாவி வளையத்தில் ஒரே ஒரு சாவி போலத் தொங்குகிறது. நம் கல்லீரல் அந்தச் 'சாவி'யைப் பிடித்துத்தான் டொலுயீனைப் பென்சாயிக் அமிலமாக மாற்றுகிறது. பிறகு அதோடு இன்னொரு பொருளைச் சேர்த்து, ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்க மொழியில் குதிரை. குதிரையின் சிறுநீரில் கண்டறியப்பட்டதால் அந்த அமிலத்துக்கு இப்படியொரு பெயர்!

அதற்காக டொலுயீன் சாது என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள் அது. நம் மூளையில் கொழுப்பு ஏராளம். அதனால் சுவாசித்த கொஞ்ச நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் ஞாபக சக்தியும் காது கேட்கும் திறனும் கெடும். தின்னரையோ பசையையோ வேண்டுமென்றே முகர்ந்து பார்ப்பவர்களுக்கு, முதல் முறையிலேயே இதயம் நின்று உயிர் போனதும் உண்டு. யாராவது "சும்மா முகர்ந்து பார்" என்று நீட்டினால் அங்கே நிற்காதீர்கள். அப்பா, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள்.

டொலுயீன் ஆவி காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். தூரத்தில் எரியும் அடுப்போ விளக்கோ போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பெயின்ட் கடையில் வேலை செய்யும் அண்ணன் மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருப்பார். பெயின்ட் துளிகளை அது கொஞ்சம் தடுக்கும். ஆனால் டொலுயீன் மூலக்கூறுக்குத் துணியின் ஓட்டைகள் கோட்டைவாசல் மாதிரி, தாராளமாகப் புகுந்துவிடும். அதைத் தடுக்கக் கரி நிரப்பிய முகமூடி வேண்டும். தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைச் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளோடு தயாரிக்கும் கரி அது. கார்பன் வளையமான டொலுயீன், அந்தக் கார்பன் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவர்கள் நிரம்பியதும் கரியை மாற்ற வேண்டும். முகமூடிக்குள் மறுபடியும் தின்னர் வாசனை வந்தால், மாற்ற வேண்டிய நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று பொருள்.