எர்த் கம்பிக்கே முதல் இடம்

நெட்வொர்க் சுவிட்ச், ரவுட்டர் போன்றவற்றின் பின்பக்கத்தில் எர்த் குறியிட்ட ஒரு திருகு இருக்கும். ரேக்கில் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் அதைக் கவனிப்பார்கள். பல இடங்களில் அது சும்மாவே கிடக்கும். ஆனால் வேலை தொடங்க வேண்டியதே அங்கேதான். முதலில் மாட்ட வேண்டியது எர்த் கம்பி. கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டியதும் அதுவே.

பவர் சப்ளைக்குள் ஃபேஸ் கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து சர்க்யூட் பிரேக்கர் விழும். எர்த் இல்லையென்றால் பெட்டியே ஃபேஸாகிவிடும். பழுது எதுவும் இல்லாதபோதும் எர்த் இல்லாத குறை தெரியும். மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியோடு இணைந்திருப்பதால், எர்த் இல்லாத பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். ரேக்கின் ஓரத்தில் கை உரசும்போது சுருக்கென்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

சுவரில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். லோடு ஓடும்போதும் இந்த இரண்டாவது அளவு அசையாமல் பூஜ்யமாகவே நின்றால் மகிழ்வதற்கு முன் சாக்கெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. எர்த் கம்பி வராத இடத்தில் நியூட்ரலையே எர்த் முனையோடு முடுக்கிவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அன்றைக்குப் பெட்டியில் முழு 230 வோல்ட்டும் ஏறிவிடும்.

இணைப்பில் பெரிய எதிரி பெயின்ட். அது மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி முனையின் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பான உலோகம் தெரிந்த பிறகு ஸ்டார் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். அதன் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். பச்சை-மஞ்சள் கம்பியைச் சுருட்டி வைக்காமல் குட்டையாக, நேராக எர்த் பட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்வர் அறைக்கென்று தனியாக எர்த் குழி தோண்டி, அதைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. இடி இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தத்தால் மின்னோட்டம் கருவிகளின் வழியாகத்தான் பாயும். இரண்டு கட்டடங்களை இணைக்கச் செம்புக் கேபிளைவிட ஃபைபர் மேல் என்பதற்கும் இதுவே காரணம்.

நிலைமின்சாரம் வேறு வகைத் தொல்லை. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள பொறியை மனித உடல் உணர்வதே இல்லை. சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகும். அவற்றுக்குள் இருக்கும் காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரக் காற்றில் அது 1,500 அளவுக்குத் தணியும். சென்னையின் புழுக்கம் காப்பாற்றும் என்று இருக்க முடியாது, ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். அடிபட்ட சிப் உடனே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. உள்காயத்தோடு சில மாதம் ஓடிவிட்டு, காரணமே தெரியாமல் போர்ட் விட்டுவிட்டு வேலை செய்வதுதான் பெரிய தலைவலி.

இதற்கு மருந்து ரிஸ்ட் ஸ்ட்ராப். சட்டைக் கையின் மேல் கட்டினால் பயனில்லை, தோலில் பட வேண்டும். அதன் கிளிப்பை எர்த் ஆன, பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்ட வேண்டும். அதற்குள் 1 மெகாஓம் மின்தடை இருக்கிறது. கை தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் ஸ்ட்ராப் வழியே 0.23 மில்லியாம்பியர்தான் போகும். வெறும் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்பவருக்கு அந்தக் காப்பு இல்லை.

கார்டுகளை ஓரத்தில் பிடித்து எடுத்து, மாட்டும் நிமிடம் வரை அவை வந்த பையிலேயே வைத்திருக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் உண்டாக்காது. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுப்பது வெள்ளி நிறப் பைதான், அதுவும் வாய் மூடியிருந்தால். கேபிளையும் மறக்கக் கூடாது. நீளமான கேபிளைப் பைப்புக்குள் இழுக்கும்போது உரசலில் அதிலும் மின்னூட்டம் சேரும். அதன் முனையிலுள்ள உலோகப் பற்களை எர்த்தில் தொட்டு வடித்த பிறகே சுவிட்சில் செருக வேண்டும்.