நவீனமயமாதலும் பண்பாட்டு அடையாளமும்: போருக்குப் பிந்தைய ஜப்பானியப் புதினமும் தமிழ்ப் புதினமும்

முன்னுரை

இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயரில் காடும் கோட்டையும் உள்ளன. இன்று அப்பெயர் சிப்காட் தொழிற்பூங்காவையும், 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் மகிழுந்து ஆலையையுமே நினைவூட்டுகிறது. அருகிலுள்ள ஒரகடத்தில் 2010இல் ஜப்பானின் நிசான், ரெனோவுடன் இணைந்து ஆலை திறந்தது. வாழிடம் உருமாறும்போது மக்களின் பண்பாட்டு அடையாளம் என்னவாகிறது என்னும் வினாவை ஜப்பானியப் புதினமும் தமிழ்ப் புதினமும் எழுப்பியுள்ளன. அவற்றின் விடைகள் வேறுபடுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

கைத்திறனில் தங்கும் அடையாளம்

யசுனாரி கவாபட்டாவின் ‘கோட்டோ’ (பண்டைத் தலைநகர், 1962) கியோட்டோ நகரத்துக் கிமோனோ வணிகக் குடும்பம் ஒன்றைச் சித்திரிக்கிறது. வணிகம் நலிகிறது, கைத்தறியின் எதிர்காலம் ஐயத்திற்குரியதாகிறது. எனினும் நெசவிலும் ஆடை வடிவமைப்பிலும் திருவிழாக்களிலும் மரபு எஞ்சுகிறது. இங்கு அடையாளம் என்பது பெரிதும் கைத்திறன். கற்றவர் உள்ளவரை அது வாழும். அதேவேளை, பிறப்பில் பிரிந்த இரட்டையருள் ஒருத்தி வணிகர் மகளாகவும் மற்றொருத்தி மலையூரில் உழைப்பவளாகவும் வளர்வதால், அம்மரபினுள் உறையும் வர்க்க வேறுபாடும் புலப்படுகிறது.

இடத்தில் வேரூன்றும் அடையாளம்

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) நகரவளர்ச்சியும் வணிக, அரசியல் போட்டியும் மரத்தை அழிக்கின்றன. அவ்விடத்தின் பெயரில் மட்டுமே மரம் எஞ்சுகிறது. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991), குடியிருப்புக் காலனிக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபின் ஓர் உழவர் குடும்பம் சிதைவதைச் சிறுவன் ஒருவனின் பார்வையில் கூறுகிறது. கைத்திறனை வேற்றூருக்குக் கொண்டுசெல்லலாம். வயலையும் கிணற்றையும் கொண்டுசெல்ல இயலாது. இழப்பீட்டுத் தொகை நிலத்திற்கு விலையாகலாம். அந்நிலத்தைச் சார்ந்த உறவுகளுக்கு ஈடாகாது.

அந்நிலத்தோடு அனைவருக்கும் ஒரே உறவு இருந்ததில்லை என்பதும் கருதத்தக்கது. அந்நாளில் நடைமுறையிலிருந்த 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் நிலத்தில் உரிமையுடையோருக்கே இழப்பீடு வழங்கியது. அதே நிலத்தில் உழைத்த கூலியாளரின் பிழைப்பு இழப்பை அது கணக்கிற்கொள்ளவில்லை. எனவே, இழந்த மண்ணைப் பற்றிய ஏக்கத்தை ஊரார் அனைவரின் பொது அடையாளமாகக் கொள்வது, நிலமற்றோரை இரண்டாம் முறையும் விலக்குவதாகும்.

முடிவுரை

மரபு, நவீனம் என்னும் எதிர்வு ‘கோட்டோ’வை விளக்குவதற்குக்கூட முழுமையாகப் போதாது, தமிழ்ப் புதினத்திற்கு அது மேலும் போதாது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் போன்ற தொழில் மண்டலங்களைக் களமாகக் கொள்ளும் படைப்புகளை ஆராய்வோர், எது இழக்கப்பட்டது என்பதோடு, அது யாருடையதாக இருந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.