பாட்டிமார் கடலோரம் சைக்கிளில்

தென்கொரியாவின் ஜேஜு, எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு. அதன் கரையைச் சுற்றிவரும் 234 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதைக்குச் சாலையோரத்து நீலக்கோடே வழிகாட்டி. எங்கள் இதயநோய்ப் பிரிவின் மருத்துவர்கள் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். எங்களுள் ஒருவருக்கு ஓராண்டு முன்னர்தான் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது. டிரெட்மில் பரிசோதனையும் சிகிச்சையளித்த மருத்துவரின் ஒப்புதலும் பெற்ற பின்னரே புறப்பட்டோம்.

பீட்டா பிளாக்கர் உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது. எனவே அதனை மட்டும் எண்ணி உழைப்பின் அளவை அறிய இயலாது. மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடிகிறதா என்பதே எங்கள் அளவுகோல். கிழக்குக் கரையில் ஹாடோ என்னும் சிற்றூரை நெருங்குகையில் எதிர்க்காற்று வலுத்தது. நண்பரின் வாக்கியம் பாதியில் நின்றது. மார்பில் வலியில்லை. எனினும் இறங்கி நடந்தோம். (வலி தோன்றினால் நடக்கவும் கூடாது, உடனே அமர்ந்து உதவி கோருங்கள்.)

அவ்வூர்க் கரையில் கருங்கற்களால் வளைத்துக் கட்டிய ஒரு சுற்றுச்சுவர். ஆக்சிஜன் உருளையின்றி மூழ்கிச் சிப்பியும் சங்கும் எடுக்கும் 'ஹேன்யோ' பெண்கள் முற்காலத்தில் தீமூட்டிக் குளிர்காய்ந்த இடம் அது. யுனெஸ்கோ 2016-இல் அவர்களது மரபைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுள் முதியோருக்கென ஆழமற்ற கடற்பகுதியை ஒதுக்கும் வழக்கமும் உண்டு. அதன் பெயர் 'பாட்டிமார் கடல்'. இளையோர் அங்கு மூழ்குவதில்லை.

"எனக்கும் அப்படியொன்றை ஒதுக்குங்கள்" என்றார் நண்பர், சிரிக்காமல்.

சொங்சான் எரிமலை முகட்டில் ஏறுவது எங்கள் திட்டத்தில் இருந்தது. மறுநாள் அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்தி, நால்வரும் கீழிருந்தே அதைப் பார்த்தோம்.