ரேட் கட்டாமல் போன ரயில் காண்டிராக்ட்

ஜெர்மனியின் தென்மேற்கில் பாடன்-வூர்ட்டம்பர்க் என்றொரு மாநிலம். பென்ஸ் கார் கம்பெனி இருக்கும் ஸ்டுட்கார்ட் நகரம் அதன் தலைநகர் என்றால் நம் வணிகர்களுக்குச் சட்டென விளங்கும். அம்மாநில அரசுக்கு ‘ஸ்வெக்’ என்ற சொந்தப் போக்குவரத்து நிறுவனம் உண்டு. லார் என்ற சிறு நகரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் நடத்துகிறது. தனியார் கம்பெனி ஒன்று நடத்திவந்த சிறு கிளைப் பாதைகளை ஏற்பதற்காக 1963ல் தொடங்கப்பட்டது. 2018ல் இதனுடன் இணைந்த இன்னொரு ரயில் நிறுவனம், ஸ்டெட்டன் சுரங்கத்து உப்பை நெடுங்காலம் சுமந்தது. அந்த உப்பு மளிகைக் கடைக்கு வருவதல்ல. பனிக்காலத்தில் சாலையில் தூவவும், ஆலைகளுக்கும் போவது.

நாம் கவனிக்க வேண்டியது அங்குள்ள கணக்கு முறை. உள்ளூர் ரயில்களுக்கு டிக்கெட் வசூல் மட்டும் கட்டாது. 1996 முதல் அந்தப் பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. மத்திய அரசு ஆண்டுதோறும் பணம் தருகிறது. மாநிலம் டெண்டர் விடுகிறது. இத்தனை கிலோமீட்டர் வண்டி ஓட்ட இன்ன ரேட் என்று பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். நேரத்துக்கு வராவிட்டால் அபராதம்.

ஸ்டுட்கார்ட் பகுதியில் 2019ல் அப்படி ஓட்ட வந்தது அபெலியோ. அப்போது நெதர்லாந்து அரசு ரயில்வேயின் கிளை நிறுவனமாக இருந்தது அது, சின்ன ஆளல்ல. ஆனால் கூலி ஏறியது. தண்டவாள வேலைகளால் வண்டி தாமதமானாலும் அபராதம் விழுந்தது. ரேட்டோ பழையது. வருஷம் முழுவதும் ஒரே விலைக்குச் சப்ளை ஒப்புக்கொண்டு, நடுவில் பருப்பு விலை ஏறித் தவித்த மொத்த வியாபாரிக்கு இது புரியும். 2021ல் அபெலியோவின் ஜெர்மன் நிறுவனங்கள் திவால் பாதுகாப்பு கோரின.

அரசு வண்டிகளை நிற்க விடவில்லை. 2022 ஜனவரி 1 அன்று ஸ்டுட்கார்ட் பகுதிச் சேவையை ஸ்வெக் குழுமம் ஏற்றது. ஊழியர்களும் உடன் வந்தார்கள். தவணையில் சரக்கு எடுத்தவன் ஓடிப்போனால் ஜாமீன் நின்றவர் கட்டுவது போலத்தான். இனி இந்த வரவு செலவில் துண்டு விழுந்தால், முதலாளியான மாநில அரசே, அதாவது வரி கட்டுகிற கடைக்காரரும் சேர்ந்தே, சுமக்க வேண்டும்.

அதே 2022ல் சம்பள உடன்பாடு கேட்டு ரயில் ஓட்டுநர் சங்கம் ஸ்வெக்கில் வேலைநிறுத்தம் செய்தது. குறைந்த டெண்டரில் மறைந்து கிடந்த செலவு, இம்முறை அரசு நிறுவனத்தின் வாசலுக்கே வந்து நின்றது.